கொப்பளிக்காத தண்ணீர்

முதலில் ரத்தம் தெரிந்தது என் விசிலில்தான். அப்போது நான் தருமபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. அன்று சந்தை நாள். கூடைகளும் கோழிகளுமாக வண்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. படியில் தொங்கியபடி விசிலடித்துவிட்டு வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் அதன் முனை சிவந்திருந்தது.

"ஏம்ப்பா முருகேசா, எப்பல இருந்து வெத்தல போட ஆரம்பிச்ச?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. பல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். சிறு வயதிலிருந்து வேப்பங்குச்சி இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. அன்று ஈறு எங்கோ கிழிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ரத்தம் தினமும் வந்தது. டிக்கெட் பையின் தோல்வார் தோளில் பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்துவிட்டேன்.

தருமபுரி டாக்டர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். மறுநாள் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். "இங்க வெச்சிப் பாக்கற சீக்கு இல்லீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, இன்னைக்கே" என்று அவர் சொன்னது கதவு வழியாக எனக்குக் கேட்டது.

அப்பா பெயர் மாரப்பன். ராகியும் நிலக்கடலையும் போடும் மானாவாரி நிலம் எங்களுக்கு. ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருந்துவிட, அப்பாவும் நானும் மொரப்பூரில் ரயில் ஏறினோம். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நடந்ததற்கு அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று நாள் வெளி வராந்தாவில் பெஞ்சு மாற்றிப் பெஞ்சு உட்கார்ந்தோம். ஒரு சீட்டு வாங்க ஒரு வரிசை, அதில் முத்திரை குத்த இன்னொரு வரிசை. அப்பா வரிசையில் நிற்பார். நான் அவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் பெஞ்சில் கிடப்பேன். யார் யாரோ என்னைத் தாண்டிப் போவார்கள். நான்காம் நாள் என் நெஞ்செலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, பிறகு ஒரு தடித்த ஊசியை இறக்கி உள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். ஊசி இறங்கியபோது வலிக்கவில்லை. உறிஞ்சியபோது என் உயிரையே யாரோ உள்ளிருந்து இழுப்பது போலிருந்தது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ஊறுகிறதாம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றனவாம். என் மஜ்ஜையில் முதிராத, ஒன்றுக்கும் உதவாத வெள்ளை அணுக்கள் களை மாதிரி மண்டிவிட்டன. நல்ல அணுக்களுக்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் அங்கே இடமே இல்லை. இதற்கு ரத்தப் புற்றுநோய் என்று பெயர்.

"பொழச்சுக்குவானாங்க?" என்றார் அப்பா.

"மருந்து இருக்குது. சில பேருக்கு நோய் அடங்குது. அடங்கினது அடங்கினபடியே இருக்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. ஆனா ஒண்ணு. இந்த மருந்து களையோட பயிரையும் சேர்த்துத்தான் அறுக்கும். கொஞ்ச நாளைக்கு ஒடம்புல எதிர்ப்புச் சக்தின்னு ஒண்ணுமே இருக்காது. அந்தச் சமயத்துல சின்னப் புண்ணு கூட ஆளக் கொண்டுபோயிரும்."

அப்பா தலையாட்டினார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே எங்கள் ஜோடிக் காளைகள் கைமாறிவிட்டன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வார்டில் எனக்குப் பதினோராம் கட்டில். பக்கத்தில் பத்தாம் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கும் இதே நோய். வாரம் ஒருமுறை நரம்பில் ஊசி, தினமும் கைநிறைய மாத்திரை, இடையிடையே வேறொரு மருந்து. மாத்திரையால் என் முகம் பூசணிக்காய் போல் உப்பியது. தலைமுடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

லூர்துமேரி அங்கே பயிற்சி நர்ஸ். இரண்டாம் வருஷம். இருபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பாள். முதல் நாள் நான் அப்பாவிடம், "வூட்ல தண்ணி எறைக்க ஆளு இருக்குதா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணா, எந்த ஊருங்க நீங்க? வூடுங்கறீங்களே."

"பாப்பாரப்பட்டிப் பக்கம்ங்க சிஸ்டர்."

"நான் பொம்மிடிங்க!" என்று முகம் மலர்ந்தாள். "இங்க வந்ததுல இருந்து எல்லாரும் எம்பேச்சக் கேட்டுச் சிரிக்கறாங்க. இனிமே ரெண்டு பேரா சேந்து பேசிக்கலாம்."

அவளுடைய வீட்டாரும் விவசாயிகள்தான். கிறிஸ்தவக் குடும்பம். மாதா கோயில் சாமியார் சிபாரிசு செய்து படிக்க அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். அப்பாவை அவள் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

என் வாயைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. காலையில் ஒரு டார்ச் லைட்டும் தட்டையான மரக்குச்சியும் கொண்டுவருவாள். நாக்கை அழுத்திப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கம், ஈறு, தொண்டை என்று ஒவ்வொன்றாக ஒளியடித்துப் பார்ப்பாள். அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"வாய்க்குள்ள எல்லாருக்குமே கிருமி இருக்குதுங்க பெரியப்பா. உங்களுக்கும் இருக்குது, எனக்கும் இருக்குது. நம்ம ஒடம்பு அத அடக்கி வெச்சிருக்குது. அண்ணாவுக்கு இப்ப அடக்க ஆளில்ல. அதனால தொடச்சித் தொடச்சி நாமதான் கொறைக்கணும். ரெண்டு மணிக்கு ஒருக்காக் கொப்பளிக்கணும். தின்னாலும் கொப்பளிக்கணும், தின்னாட்டியும் கொப்பளிக்கணும். பஞ்சால நான் தொடச்சி உடுவேன். வேப்பங்குச்சி, பல்பொடி, கரி, உப்புக்கல்லு எதுவும் ஆகாது. ஈறு கிழிஞ்சா அது கிருமிக்குக் கதவு தொறந்து உட்ட மாதிரி. காரமும் ஆகாது, சூடும் ஆகாது."

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அளந்து சோடா மாவும் கொஞ்சம் உப்பும் போட்டு ஒவ்வொரு டம்ளராக அவளே கலக்குவாள். துப்புவதற்கு வளைந்த ஓர் எனாமல் தட்டு. கொப்பளித்ததும் தட்டை எடுத்துப் பார்ப்பாள், அதில் ரத்தமோ வெள்ளையாக ஏதாவதோ இருக்கிறதா என்று. பிறகு விரலில் பஞ்சு சுற்றி ஈறை மெதுவாகத் துடைப்பாள். வெடித்த உதட்டில் எண்ணெய்ப் பசை தடவுவாள். கட்டில் கம்பியில் தொங்கும் அட்டையில் கட்டம் போட்டு நேரம் எழுதியிருக்கும். அதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவாள்.

அப்பாவுக்கு வேறொரு வேலை. நோயாளிகளோடு வந்தவர்கள் சமைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அதுவரை அடுப்பங்கரைக்குள் கால் வைத்தறியாத மனிதர் அங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டி ராகிக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டார். ஒரு திப்பி கூட என் வாயில் படக்கூடாது என்று வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். ஆறிவிட்டதா என்று தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் எனக்குக் கொடுப்பார்.

முதல் மூன்று வாரம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். வாயில் புண் இல்லை. நாக்கில் ஒருமுறை தயிர் திட்டுப் போல வெள்ளை படர்ந்தது. லூர்துமேரி அதை முதல் நாளே கண்டுபிடித்து, நாவல் பழ நிறத்தில் ஒரு மருந்தைத் தடவி மாற்றிவிட்டாள்.

நான்காவது வாரம் வாத்தியார் இறந்துபோனார். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். மதியச் சாப்பாட்டு வண்டி வந்தபோது என்னோடு பேசிக்கொண்டிருந்தவர், வண்டி திரும்பிப் போவதற்குள் போய்விட்டார். அவர் ஒருவேளை கூடக் கொப்பளிக்கத் தவறியதில்லை. கடிகாரத்தைப் பார்த்து அவரே டம்ளரைக் கேட்டு வாங்குவார். என் மனசு அதையே பிடித்துக்கொண்டது. இத்தனை செய்தவரே போய்விட்டார், எனக்கு எதற்கு இந்தக் கூத்து?

அந்தச் சமயம் புதிய மருந்து ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். வாயின் உள்தோல் வெந்து உரிந்தது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வந்துவிடும். சோடாத் தண்ணீர் நாக்கில் பட்டதும் குமட்டும்.

ஒருநாள் லூர்துமேரி டம்ளரை என் கையில் கொடுத்த நேரம் பன்னிரண்டாம் கட்டில்காரர் வாந்தி எடுத்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நான் டம்ளர் தண்ணீரைச் சத்தமில்லாமல் தட்டில் ஊற்றிவிட்டு உதட்டை ஈரமாக்கிக்கொண்டேன்.

"ஆச்சுங்களா அண்ணா?"

"ஆச்சுங்க சிஸ்டர்."

அவள் தட்டைப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது, ரத்தம் இல்லை. "நல்லா இருக்குது" என்று சொல்லி டிக் அடித்தாள்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. மறுநாளிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் முப்பது கட்டிலைப் பார்க்கவேண்டியவள். தன் ஊர்ப்பக்கத்து ஆள், தன் பேச்சுப் பேசுபவன், பொய் சொல்லமாட்டான் என்று நம்பினாள். பஞ்சால் துடைக்க வந்தால், "எரியுதுங்க சிஸ்டர், அப்பறமா செய்யுங்க" என்பேன். சாயங்காலம் வந்து கெஞ்சுவாள். சில நேரம் வாயைத் திறப்பேன், சில நேரம் தூங்குவது போல் கிடப்பேன். இப்படி ஒன்பது நாள்.

கொப்பளிக்காத வாய் நாற ஆரம்பித்தது. எனக்கு அது நோயைவிடக் கொடுமையாக இருந்தது. என் மூச்சே எனக்கு அருவருப்பாகிவிட்டது. ஒரு காலை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, ஒரே ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சாந்து குடுப்பா. வாய் நாறுது."

"அந்தப் பொண்ணு ஆகாதுன்னு சொல்லுச்சேடா."

"மெதுவா வெச்சித் தேய்ச்சிக்கறன். யாருக்குத் தெரியப்போவுது?"

அப்பா தயங்கினார். ஆனால் நான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வெளியே போய் ஒரு குச்சி ஒடித்துவந்தார். எனக்கு வலிக்கக்கூடாது என்று, நுனியைத் தானே கடித்து மென்று பூப்போல ஆக்கிக் கொடுத்தார். அவர் வாயிலிருந்த கிருமியையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தேய்த்தேன். கீழ் ஈறில் சுருக்கென்றது. ரத்தத்தைத் துண்டில் துப்பி மடித்து அப்பாவிடம் கொடுத்தேன். குச்சியை ஜன்னல் வழியாக எறிந்தேன். அன்று மட்டும் வாய் சுத்தமாக இருப்பது போல் ஒரு நிம்மதி.

இரண்டாம் நாள் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. தாடை வீங்கிக் கண் வரைக்கும் ஏறியது. கிழிந்த ஈறு கறுத்துவிட்டது. என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றார்கள். வாயில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு கையிலும் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். பேச்சு நின்றுபோனது. எச்சில் கூட விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. அப்பா அதைத் துடைத்துத் துடைத்து அவருடைய வேட்டி நுனி ஈரமாகவே இருந்தது.

ஜுரம் சற்று இறங்கிய ஒரு காலையில் டாக்டரும் தலைமை நர்ஸும் என் கட்டிலுக்கு வந்தார்கள். லூர்துமேரி அட்டையைப் பிடித்தபடி கால்மாட்டில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"வாய ஒழுங்கா கவனிச்சிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. அட்டையில எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்கே, எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் குடுத்தேங்க சார். எல்லா வேளையும் குடுத்தேன்."

அப்பாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. "என்னாம்மா குடுத்த? ஓடிக்கினே இருந்தியே, ஒரு நாளாவது நின்னு பாத்தியா? எம்புள்ளயக் கொன்னுட்டியே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். குச்சி அவருக்கு நினைவில் இல்லை. வேம்பு கெடுதல் செய்யும் என்று அவர் புத்தியில் ஏறவே இல்லை. மகன் கேட்டதைச் செய்தார், அதோடு மறந்துபோனார்.

தலைமை நர்ஸ் என் பக்கம் குனிந்தார். "தம்பி, நீங்க பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. இந்தப் பொண்ணு ரெண்டு மணிக்கு ஒருதரம் கொப்பளிக்கத் தண்ணி குடுத்துதா?"

லூர்துமேரி என்னைப் பார்த்தாள். நான் ஆமென்று சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பார்வையில் அது தெரிந்தது.

ஆமென்றால் அடுத்த கேள்வி வரும். தண்ணீர் கொடுத்தும் எப்படி இப்படி ஆனது? நான் ஊற்றியது தெரிந்துவிடும். சொன்ன பேச்சுக் கேட்காத நோயாளி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். குச்சி விஷயம் வந்தால் அப்பா என்ன ஆவாரோ என்றும் பயந்தேன். இப்படி இரண்டு காரணம் சொல்கிறேன். உண்மையில் முதல் காரணம்தான் பெரிது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"களைச்சிப் போயிட்டாரு, விடுங்க" என்றார் தலைமை நர்ஸ். காலடிச் சத்தங்கள் நகர்ந்து போயின.

செய்யாத வேலைக்கு டிக் அடித்தாள் என்று அவள் மேல் புகார் எழுதினார்கள். அந்த வார்டிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்கில் போட்டார்கள். படிப்பில் ஆறு மாதம் கூட்டினார்கள். பன்னிரண்டாம் கட்டில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருமுறை, பார்வையாளர் நேரத்தில், அவள் கட்டிலருகே வந்தாள். அப்பாவிடம், "இப்பக் கூழு எறங்குதுங்களா பெரியப்பா?" என்று கேட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து, "கொப்பளிக்கறத மட்டும் உட்டுறாதீங்க அண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது எனக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு நான் ஒருவேளை விடாமல் கொப்பளித்தேன். வேறொரு நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். ஈறு ஆறியது. இரண்டு பல் போயிற்று. நோயும் அடங்கியது. நெஞ்செலும்பில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது களை தெரியவில்லை என்றார் டாக்டர். மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டரை வருஷம் மாதாமாதம் போய்க் காட்டிவந்தேன். ஒருமுறை ஒரு நர்ஸிடம் லூர்துமேரி எங்கே என்று விசாரித்தேன். "அது படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போயிடுச்சே" என்றாள். எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை. இனி அந்த வராந்தாவில் அவளை எதிரில் பார்க்கவேண்டியிருக்காது என்ற நிம்மதிதான் வந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

பஸ் முதலாளி நல்லவர். ஓடும் வண்டியில் இனி வேண்டாம் என்று பஸ் ஸ்டாண்டிலேயே டைம் கீப்பர் வேலை கொடுத்தார். அப்பா டீக்கடையில், கழனியில், கல்யாண வீட்டில் எல்லாம் என் கதையைச் சொல்வார். கடவுள் கொடுத்த உயிர் என்று தொடங்கி, "ஒரு பொம்மிடிப் பொண்ணு, எம்மவனச் சாவு வாசல் வரைக்கும் கொண்டுபோயிட்டா" என்ற இடத்தில் குரலை உயர்த்துவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நான்கு வருஷம் கேட்டேன்.

ஒருநாள் காலையில் எங்கள் பக்கத்து வீட்டு நஞ்சப்பா வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் மகள் சரோஜாவுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. ஆஸ்பத்திரி தெரிந்தவர் என்று அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். சரோஜா கடிதத்தோடு வாசலில் நின்றாள்.

"வேணாம் நஞ்சப்பா" என்றார் அப்பா. "அந்த வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஈவு எரக்கமே இருக்காது. நான் கண்ணால பாத்தவன். எம்மவன ஒருத்தி…"

"அப்பா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. நிறுத்தினால் மறுபடி தொடங்கமுடியாது என்று தெரிந்து, நஞ்சப்பாவும் சரோஜாவும் கேட்கவே எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், தட்டு, ஒன்பது நாள், குச்சி, கண்ணை மூடிக்கொண்டது எல்லாம்.

அப்பா, "எந்தக் குச்சி? நான் ஒடிச்சாந்தனே, அதா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"நான் கடிச்சிக் குடுத்தது."

"கேட்டது நான்தானப்பா."

அவர் எழுந்து நஞ்சப்பாவிடம், "பொண்ண அனுப்பி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். சரோஜா அந்த மாதமே பயிற்சிக்குப் போனாள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் விடிந்ததும் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்புடா. பொம்மிடிக்குப் போலாம்."

தருமபுரியில் பஸ் மாறிப் போனோம். மாதா கோயிலில் விசாரித்தோம். "நர்ஸுக்குப் படிச்சிட்டுப் பாதியில வந்துச்சே, அந்தப் பொண்ணுங்களா?" என்று உடனே சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே கல்யாணமாகியிருந்தது. கணவர் அரிசி மில்லில் வேலை. அவள் கழனியில் இருப்பாள் என்றார்கள்.

நான்கைந்து பெண்களோடு உட்கார்ந்து கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் சுற்றியிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அறிந்தது உப்பிய முகமும் மொட்டைத் தலையும்தான். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"பெரியப்பா?" என்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அண்ணாவா? உசுரோட இருக்கீங்களா?"

ஓடிவந்து என் முகத்துக்கு எதிரில் நின்று சிரித்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "போயிருப்பீங்கன்னு நெனச்சேங்க. நான் அங்கிருந்து கெளம்பறப்ப நெலமை அப்படித்தான இருந்துச்சு? இத்தன வருசமா நான் போயிட்டாருன்னே நெனச்சிக்கிட்டு இருக்கறேன்."

அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் நின்று சொல்வது கடினமாக இருந்தது. வரப்பில் இருந்த புங்கமரத்தடியில் மூவரும் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாளுங்க ஊத்துனீங்க?" என்பதுதான்.

"ஒம்பது நாளு."

"ஒரு வேள கூட வாய்ல படலையா?"

"நீங்க குடுத்தது எதுவும் படல."

"குச்சி எந்த ஈறுல பட்டுச்சு?"

கீழே இடது பக்கம் என்று காட்டினேன். பல் போன இடம். அவள் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள்.

"ஆறு மாசம் கூட்டுனதுக்காக நான் படிப்ப விடலைங்க" என்றாள். "அது போனாப் போவுதுன்னு இருந்திருப்பேன். நான் டிக்கு பொய்யா அடிக்கலன்னு எனக்குத் தெரியுமில்ல? அப்பறம் எப்படிப் புண்ணு வந்துச்சு? ரொம்ப யோசிச்சேன். அந்த வாரத்துல ஒருநாளு ஆறாம் கட்டில்காரருக்கு மலத்தட்டு எடுத்துட்டு நேரா உங்ககிட்ட வந்தேன். கை கழுவுனேனா இல்லியான்னு எனக்கு நெனப்பு வரல. எவ்வளவோ யோசிச்சும் வரல. அப்ப எங்கையால தான் வந்திருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்பறம் யாரத் தொடப் போனாலும் மொதல்ல குழாயடிக்குப் போவேன். திரும்பத் திரும்பக் கழுவுவேன். ஒருநாளு பாட்டி ஒருத்தங்க தண்ணி கேட்டு அழுவறாங்க, நான் குழாயடியிலயே நிக்கறேன். அன்னைக்கு நானே போயி மேட்ரன் அம்மாகிட்ட, என்னால ஆவாதுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கடலைக்காட்டுச் செம்மண் அப்பியிருந்தது.

"அப்ப எங்கையால இல்ல" என்றாள்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தாயி, அன்னைக்கு நான் பேசுனது… எல்லாரு முன்னாலயும்…"

"நீங்க புள்ளையப் பறிகுடுக்க இருந்தவரு பெரியப்பா. அப்படித்தான் பேசுவீங்க." அவள் அவரைத் தேற்றினாள். என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் எழுதி, மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன்.

"எழுதுங்க. எம்பேருல இருக்கற பழி போவட்டும். ஆனா எடுக்க மாட்டாங்க. கல்யாணம் ஆயிருச்சு, ரெண்டு புள்ளைங்க. வயசும் தாண்டிருச்சு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அப்பாவின் கைநாட்டும் வைத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. என் கடிதத்தைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்களாம். மறுபடி சேர்ப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தை அவளுக்குத் தபாலில் அனுப்பிவைத்தேன்.

இப்போது எனக்கு நோய் வந்து ஆறு வருஷம் முடிந்திருக்கிறது. இத்தனை நாள் திரும்பி வராததால் இனி வராமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். இதே நோயோடு படுத்திருப்பவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது, அன்று வரப்பில் அவள் கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். விடுவது சரியில்லை.

நாங்கள் கிளம்ப எழுந்ததும் அவளும் எழுந்தாள். காலில் விழப்போன அப்பாவைத் தடுத்து நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க நல்லா இருக்கறதப் பாத்தது எனக்கு எவ்வளவோ சந்தோஷம்ங்க. ஒடம்பப் பாத்துக்கோங்க. ஆனா இனிமே இங்க வராதீங்க அண்ணா. கோவத்துல சொல்லலைங்க. உங்களப் பாத்தா, இந்நேரம் நான் ஒரு வார்டுல நின்னிருப்பேனேன்னு தோணும். அப்பறம் இந்த வேலையில கையி ஓடாது."

அவள் போய்ப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்தாள். நாங்கள் வரப்போடு நடந்து பஸ்ஸுக்கு வந்தோம். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.